பாவாயியின் பல்

"ஈரம் பாக்குற மெஷின் சும்மாதானுங்க கெடக்குது மேடம்," என்றார் ஜீவானந்தம். சோளக்காடு என்ற மலையூரில் சின்னதாக மிளகு உலர்த்தும் ஆலை நடத்துபவர். "எங்க பாவாயக்கா மிளகைக் கடிச்சுப் பாத்து, 'டக்'குனு சத்தம் வந்தாத்தான் அடுப்பை அணைப்போமுங்க."

மானியத்தில் கொடுத்த அந்த டிஜிட்டல் கருவியைப் பார்வையிட வந்திருந்த அதிகாரி பிரிசில்லாவுக்குக் குழப்பம். சும்மா கிடக்கும் கருவியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அது வந்த மாதத்திலிருந்து ஆலையில் எரியும் விறகும் பாதியாகக் குறைந்திருந்தது.

ஜீவானந்தம் லாரியைப் பார்க்க வெளியே போனதும், "நிஜத்தைச் சொல்லுங்கக்கா, மெஷினை யார் தொடறது?" என்று அடுப்பருகே நின்ற பாவாயியிடம் கேட்டாள் பிரிசில்லா.

பாவாயி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லே இல்லை.

"போயி மூணு வருசமாச்சுங்க. தெரிஞ்சா வேலையும் போயிருமுங்களே! எதுக்கும் இருக்கட்டும்னு அடுப்பைக் கூடுதலா எரிய விட்டுட்டு இருந்தேன். இப்ப மெஷின்ல ஈரம் பதினொண்ணு காட்டுனா நிறுத்திப்போடுவேன்."

"அப்ப அந்தச் சத்தம்?"

அதற்குள் ஜீவானந்தம் திரும்பி வந்துவிட்டார். "அக்கா, காஞ்சிருச்சுங்களா?"

பாவாயி நாலு மிளகை வாயில் போட்டுக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள். 'டக்!'

"கேட்டீங்களா மேடம்? எந்த மெஷினாவது இப்படிச் சொல்லுமாங்க?"

"சொல்லாதுங்க," என்றாள் பிரிசில்லா, பாவாயியைப் பார்த்து. "மெஷின் யார்கிட்டயும் சொல்லாது."