அவுட் கொடுக்காத அம்பயர்

மூன்றாவது முறையும் பாண்டிதுரை மாமா விரலைத் தூக்கவில்லை.

பந்து பேட்டில் உரசிய சத்தம் பவுண்டரியில் டீ விற்கிறவருக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற அம்பயருக்குக் கேட்கவில்லையாம்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

எதிர் டீம் சோழபுரம். அவர் மகள் யோகேஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதும் சோழபுரத்தில்தான். ஆவணியில் எங்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பிதான் இப்போது பேட்டிங்கில் நிற்கிறான். சம்பந்தி வீட்டுப் பையனுக்கு மனுஷன் எப்படி அவுட் கொடுப்பார்?

"மாமா விலை போயிட்டாருலே சோலைராஜ்," என்று விக்கெட் கீப்பர் ஜோயல் என் காதில் ஊதினான்.

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் கிளப்பை ஆரம்பித்தவரே அவர்தான். நாங்கள் பிறக்கும் முன்பே சீமைக்கருவேலத்தை வெட்டி இந்தக் கிரவுண்டைத் திருத்தியவர். அப்புறம் பட்டாளத்துக்குப் போனார். போன வருஷம்தான் ரிட்டயர்டாகி வந்தார். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன். வாரம் முழுக்க அங்கேயே கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவார்.

பட்டாளத்தில் அடிபட்டு அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அவுட், வைடு, சிக்ஸர் எல்லாமே இடது கைதான்.

அன்றைக்கு அந்த இடது கையும் சரியில்லை. அதுவரை விழுந்த விக்கெட் எல்லாம் போல்டு. அதற்கு அம்பயர் தேவையில்லை. ஃபோருக்குக்கூட முஷ்டியை மூடிக்கொண்டே ஆட்டினார். சோழபுரத்துக்காரர்களுக்கு ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று எங்கள் பையன்கள் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் போட்டேன்.

கடைசி ஓவர், கடைசி விக்கெட். சோழபுரத்துக்கு இரண்டு ரன் போதும். அதே சம்பந்தி வீட்டுப் பையன்தான் எதிரே நின்றான்.

நான் போட்ட பந்தை அவன் தொட்டான். ஜோயல் சுத்தமாகப் பிடித்தான். கிரவுண்டே கத்தியது.

நான் திரும்பி மாமாவை முறைத்தேன்.

"மனசைத் தொட்டுச் சொல்லுங்க மாமா. அவுட்டா இல்லையா?"

அது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். நெஞ்சுக்கு நேராக ஆள்காட்டி விரல் நீண்டது.

நகத்திலிருந்து கணு வரை கறுப்பாக ஒரு கோடு. ஓட்டு மை.

முந்தின வாரம் நடந்த தேர்தலை எங்கள் ஊர் புறக்கணித்திருந்தது. கிரவுண்டில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டு முதலில் கிளம்பியது கிளப்தான். ஊரும் சேர்ந்துகொண்டது. ஓட்டுப் போடுகிற வீட்டில் கோயில் வரி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். வரி கொடுக்காத வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயிலும் கிடையாது, ஊரும் போகாது.

சாயங்காலம் ஓட்டு மெஷினை மூடும்போது ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

பூத் இருந்த பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருந்த நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒருவர் விரலை ஒருவர் பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறோம். மில்லில் கிடப்பவரை யாரும் நினைக்கவில்லை.

நான் ஓடிப்போய் அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பொத்தினேன்.

"பட்டாளத்துல அம்புட்டு வருஷமும் தபால் ஓட்டுதாம்லே," என்றார் மெதுவாக. "ஒரு தடவைகூட இந்த விரல்ல மை வச்சதில்ல."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தான் திருத்திய கிரவுண்டைவிட இந்த மை பெரிதாகப் போய்விட்டதா இவருக்கு? ஆனால் இது வெளியே தெரிந்தால் ஆவணியில் யோகேஸ்வரிக்குக் கோயில் கிடையாது.

"அப்பீல் வாபஸ். கேப்டன் நான் சொல்றேன்," என்று கத்தினேன். "பேட்ல படல."

ஜோயல் கிளவுஸைக் கழற்றித் தரையில் அடித்தான்.

அடுத்த பந்து ஃபோர். கப்பு சோழபுரத்துக்குப் போனது.

மறு ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் போட்டார்கள். சோழபுரத்தில் என்ன வாங்கினாய் என்று ஆள் ஆளுக்கு என்னைக் கேட்டார்கள். வாயைத் திறந்தால் தப்பித்துவிடலாம். திறக்கவில்லை.

செக்ரட்டரி ஹரிகிருஷ்ணன் எழுந்தான். "சோலைராஜே கேப்டனா இருக்கட்டும்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை.

நான் பாண்டிதுரை மாமாவைப் பார்த்தேன். ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றபோது தனியாளாக நடந்துபோய் ஓட்டுப் போட்ட மனுஷன். சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

உள்ளேயே ஒருமுறை அசைந்தது. வெளியே வரவில்லை.