நூற்றுப் பத்தாம் பக்கத்து நாய்

கேட்டின் தகரம் அதிர, சிம்சோன் பாய்ந்து பாய்ந்து குரைத்தது. படித்துக்கொண்டிருந்த நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டு பிரிஸ்கில்லா வாசலுக்கு ஓடினாள்.

வெளியே தோளில் பையோடு ஓர் ஆள் நின்றிருந்தார். "என் நாவலைக் கிழிச்சுத் தொங்க விட்ட மேடம் நீங்கதானே?" என்றார். அவள் கேட்டைத் திறக்காமலே நின்றாள்.

படித்த நாவல்களைப் பற்றி முகநூலில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுவது அவள் வழக்கம். 'கோடைமழையன்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய கொலை நாவலைப் போன வாரம் ஒரு பிடி பிடித்திருந்தாள். 'நூற்றுப் பத்தாம் பக்கத்தில் திருடன் பிஸ்கட் போட்டதும் ராஜபாளையம் நாய் வாலாட்டுகிறதாம். எழுத்தாளர் நாயைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போல. எங்கள் சிம்சோன் பட்டினி கிடந்தாலும் அந்நியர் கையால் தின்னாது' என்று எழுதி, ராஜபாளையத்திலுள்ள தன் வீட்டு கேட்டில் சிம்சோன் நிற்கிற படத்தையும் போட்டிருந்தாள்.

எழுத்தாளர் அதன் கீழேயே பதில் போட்டார். 'சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். நாயைக் காட்டுவீர்களா?'

'தாராளமாக. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கணவரின் மருந்துக்கடை. மாலையில் அவரே கூட்டி வருவார்' என்று இவளும் எழுதினாள். ஊரே அதைப் படித்தது.

சனிக்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பும்போதே பிரேம்குமார் முணுமுணுத்தான். "எழுதுனவன் கோவக்காரனா இருந்தா என்னட்டி செய்வ? பின்னாடித் தெருவுல தனியா இருந்த ஒரு அம்மாவ அடிச்சுப் போட்டு, பீரோவ ஒடைச்சிருக்கானுவ. இன்னும் ஆளைப் பிடிக்கல. சிம்சோன அவுத்தே விட்டு வையி."

இப்போது பிரிஸ்கில்லா நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கோவமா வந்திருக்கீங்களா சார்?"

அவர் சிரித்தார். "கோவமா? தப்புன்னா தப்புதானே மேடம். திருத்திக்கிடத்தான் வந்தேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. கேட்டைத் திறந்துவிட்டாள். "கடைக்குப் போகலையா? எங்க வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாகளே."

"நேரா ராஜபாளையம் பஸ்ஸே கெடச்சுது. வீட்டைத்தான் படமா போட்டிருந்தீங்களே, வழி கேக்குறதுக்கு என்ன இருக்கு!"

வராண்டாவில் நாற்காலி போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். நாய் மட்டும் உறுமலை நிறுத்தவில்லை.

"சமீபத்துல வேற என்ன படிச்சீங்க?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், மடை திறந்துகொண்டது.

"ஒரு நாவல்ல முந்நூறு பக்கமும் மழை பேயுது சார். கதாநாயகி ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கா. இன்னொண்ணுல சாகக் கிடக்கிற கெழவன் மேடைப் பேச்சு பேசுதான். எப்படா சாவான்னு நான் பக்கத்தைத் தள்ளுதேன்!"

அவர் குலுங்கிச் சிரித்தார்.

"உங்க நாவலையும் விட மாட்டேன். அந்த மாமியாக்காரி கடைசியில மனசு மாறுறத நம்பவே முடியல."

"அப்படியா? அவளையே எடுத்துருவோம்."

"எடுத்துட்டா கதை ஏது சார்? கொலை பண்ணதே அவதானே!"

"அட, ஆமா. அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

இவ்வளவு தலைக்கனம் இல்லாத எழுத்தாளரை அவள் பார்த்ததே இல்லை.

"நாய் விஷயத்துக்கு வாங்க மேடம். அந்நியன் கையால திங்காது, சரி. பொறவு எப்படித்தான் பழக்குறது?"

"வீட்டு ஆளு சேத்து விடணும். பிஸ்கட்டாம் பிஸ்கட்டு! இருங்க, காட்டுதேன்."

உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கறித்துண்டுகளோடு வந்தாள். தன் வாடை ஒட்டட்டும் என்று முந்தானையால் அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் துடைத்தாள். கறியை அதில் வைத்து, அடியில் தன் கையையும் தாங்கக் கொடுத்தாள். "சிம்சோன், நம்ம ஆளு. தின்னு."

நாய் முதலில் அவள் முகத்தைப் பார்த்தது. முகர்ந்தது. உறுமல் மெல்ல அடங்கியது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. கிண்ணம் காலியானபோது அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுத்தான் சார். இனி நீங்க எப்ப வந்தாலும் கொலைக்காது."

"நீங்க பக்கத்துல இல்லாட்டிக்கூடவா?"

"ஒருக்கா சேத்துக்கிட்டா சாவுற வரைக்கும் மறக்காது" என்றாள் பெருமையாக. "இத எழுதுங்க, அப்பத்தான் நம்புவாங்க."

அவர் எழுந்தார். "பையை லாட்ஜுல போட்டுட்டு வந்துருதேன் மேடம்." போகும்போது சிம்சோனின் தலையைத் தடவினார். அது கேட் வரை கூடவே போனது.

பொழுது இருட்டியது. பிரிஸ்கில்லா உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு போனில் எழுத ஆரம்பித்தாள். 'விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று கோடைமழையனிடம் மற்ற எழுத்தாளர்கள் படிக்க வேண்டும்...'

வெளியே கேட் கிறீச்சிட்டது. சிம்சோன் குரைக்கவில்லை. அதன் வால் தகரத்தில் பட்டு டப் டப்பென்று சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துட்டீகளா?" என்றாள் தலையைத் திருப்பாமலே. "கதவு தொறந்துதான் கெடக்கு, வாங்க."

வராண்டாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

கையிலிருந்த போன் அடித்தது. பிரேம்குமார்.

"ஏட்டி, ஒன் எழுத்தாளரு இப்பத்தான் கடைக்கு வந்து சேந்தாரு, ரெண்டு பேரும் கெளம்பி வாரோம், புது ஆளக் கண்டா கடிச்சு வைக்கும், சிம்சோனப் பிடிச்சுக் கட்டு!"