முதல் பிரிண்ட்

காரைக்காலில் தன் கலர் லேபைத் திறந்ததும் மாணிக்கவேல் தினமும் முதலில் ஒரே பெண்ணின் படத்தைத்தான் பிரிண்ட் போடுவான். அவள் முகநிறம் சரியாக வந்தால்தான் மற்ற படங்களும் சரியாக வருமாம்.

அவன் மனைவி ராசாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டி பக்கத்துலயே நிக்கிறேன். அவளையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தா என்னங்க அர்த்தம்?"

"கன்னத்துல செவப்பு தூக்கலா இருக்கு. கொஞ்சம் கொறைக்கணும்."

"என் கன்னத்த என்னைக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா? அந்த நெகட்டிவ அடுப்புல போட்டாத்தான் என் மனசு ஆறும்."

"போட்டா பொழப்பு போயிடும்டி."

கல்யாணப் படம் வாங்க நெரவியிலிருந்து வந்திருந்த காசியம்மா, மேசையில் கிடந்த பிரிண்டை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன லட்சணம்! ஒங்க தங்கச்சிங்களா?"

"நான்தான்," என்றாள் ராசாத்தி. "பொண்ணு பாக்க வந்தப்ப இவரே எடுத்தது. அன்னிக்குப் பாத்ததோட சரி."