கொஞ்சமாக ஊற்றிய தேநீர்

சோதனைக்கு வந்த அதிகாரி தோக்தோசுன் மூன்றாவது கிண்ணத்தையும் காலி செய்துவிட்டார். உயிரியல் ஆசிரியை சைரகுல் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அந்த மலை ஊர்களில் விருந்தாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்ற வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். அவளும் இரண்டு மிடறுக்கு மேல் ஊற்றவில்லை. அப்படியும் மனிதர் மடக்கு மடக்கென்று குடித்துத் தள்ளினார்.

ஜன்னலுக்கு வெளியே, பள்ளி ஏற்பாடு செய்திருந்த டிரைவர் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப் அந்த வண்டியில் ஏறி, அதிகாரிக்கு முன்னால் கணவாய் தாண்டி, அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போயாக வேண்டும். நேற்று கீழ் ஊர்ப் பள்ளியில் அவர் பார்த்து முடித்ததும் அது அவருக்கு முன்னால் இங்கே வந்ததும் அப்படித்தான். மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து இருப்பது அது ஒன்றுதான்.

காலையில் அதன் அடிக்கட்டையில் உடைந்திருந்த மூலையை அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் வெங்காயத் தோலோடு காத்து நின்ற மாணவியையும் பார்த்தார். நோட்டில் ‘ஒன்று, நல்ல நிலை’ என்று எழுதிக்கொண்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இல்லையென்று எழுதியிருந்தால் பத்தாம், பதினோராம் வகுப்புகளை மூடிவிடுவார்கள். அப்புறம் தொலைவிலிருக்கும் நாரின் நகரத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். எந்த வீட்டில் பெண்ணை அனுப்பப் போகிறார்கள்?

ஜாம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள்.

பதினோராம் வகுப்பு புருலாய் இன்னும் வெங்காயத் தோலின்மேல் குனிந்திருந்தாள். நாலு வருடமாக உயிரியலில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறவள். செல்லைக் கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்.

“ஒரே ஒரு நிமிஷம், சைரகுல் எஜே. நீங்க போர்டுல வரைஞ்சதெல்லாம் நெசமாவே இருக்கு.”

சைரகுலுக்குப் பிடுங்கக் கை வரவில்லை. அழுகைதான் வந்தது. வெளியே அந்தப் பாவி ஹாரன் அடித்தான்.

ஜாம் இல்லாமலே திரும்பி வந்தாள். அதிகாரி காலிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். கெட்டிலைச் சாய்த்தாள். கண் ஜன்னலிலேயே இருந்தது. கிண்ணம் விளிம்புவரை நிரம்பி வழிந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அதிகாரி கிண்ணத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

“பாதிய எடுத்துருங்க. அந்தப் பொண்ணு பாத்து முடிக்கட்டும். எனக்கு முன்னாடி அது போய்ச் சேரணும்ல?”