முகம் இருந்த இடம்

போனை வைத்த இருபதாவது நிமிடத்தில் மெக்கானிக் வாசலில் நின்றான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்கள் இரண்டு நாளாவது இழுத்தடிப்பதுதான் உலக வழக்கம். இவனுக்கு மூச்சு வாங்கியது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வீட்டைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துருச்சுக்கா. இந்தப் பக்கம் வந்ததே இல்லை."

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். என் கணவர் அங்கேதான் அதை வாங்கியிருந்தார்.

நேற்று ராத்திரி அப்டேட் என்று ஏதோ தானாக ஓடியது. காலையில் பார்த்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி வெறும் நீலம். திரை நிறைய இருந்த மகளின் சிரித்த முகம் இல்லை. அதன் மேல் படாமல் சுற்றிலும் நான் அடுக்கி வைத்திருந்த ஃபோல்டர்களில் ஒன்றுகூட இல்லை.

மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், முன்பு பார்த்திராத ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

இன்டர்நெட் ஒழுங்காக வேலை செய்தது. ஒன்பது மணிக்கு அதில்தான் மெயில் வந்தது. மகளின் டீச்சர் பள்ளி வாசலில் நின்று ரகசியமாகப் பேசி முடித்துக்கொடுத்த வேலை. வேறு ஊர். தங்க இடமும் உண்டு. என் சான்றிதழும் மகளின் சான்றிதழும் மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

இரண்டும் 'தையல் அளவு' என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள். அதைத்தான் காணோம்.

நானே தேடித் தேடி மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. பதற்றத்தில் மெயிலை மூடக்கூட இல்லை, கீழே ஒதுக்கிவிட்டிருந்தேன்.

என் கணவருக்கு வெளியூரில் வேலை. வெள்ளிக்கிழமைதான் வருவார். ஆனாலும் இங்கே நான் தும்மினால் அங்கே அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பஸ் நேரம் பார்த்த அன்றைக்கே போன்: "என்ன, தங்கச்சி வீட்டுக்கு மூட்டை கட்டுறியா?" இரண்டாவது முறை, வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பார்த்தேன். அப்போது போன் வரவில்லை. அவரே வந்தார். இரண்டு நாள் என்னை உள்ளே வைத்துப் பூட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரிதான் ஜன்னல் வழியே பார்த்துப் போட்டுக்கொடுக்கிறாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன்.

இன்று மட்டும் அதிசயமாக அவரிடமிருந்து சத்தமே இல்லை.

நான் கேட்டது ஃபோல்டர். மெக்கானிக் முதலில் போனது அந்தச் சிவப்புப் புள்ளிக்கு.

"அது என்ன தம்பி?"

"பிரிண்டரோடதுக்கா."

எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது. சொல்ல வாயெடுப்பதற்குள் புள்ளி பச்சையானது. பிறகு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது.

"உங்க ஃபோல்டர்லாம் விசேஷ வீட்டு வாசல்ல விட்ட செருப்பு மாதிரிக்கா. எங்கயும் போயிருக்காது. அப்டேட்டு காலால ஒரு ஓரமா தள்ளிவிட்டிருக்கும்."

சொன்னபடியே எங்கிருந்தோ தோண்டி எடுத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'தையல் அளவை' மட்டும் முதலில் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

"படத்தை மட்டும் அது முழுங்கிருச்சு. அப்புறமா நீங்களே போட்டுக்கங்க."

இடது ஓரத்தில் எல்லா ஃபோல்டர்களும் ரேஷன் வரிசை மாதிரி நின்றன. அவன் விசிலடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக இழுத்து வைக்க ஆரம்பித்தான். நல்ல மனுஷன், கேட்காமலே செய்கிறான் என்று நினைத்தேன்.

ஒன்று மேலே. ஒன்று வலப்பக்கம். இரண்டு கீழே. யோசிக்காமல், கை தானாகப் போனது.

வேலை முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தான்.

இருபத்திரண்டு ஃபோல்டர்கள் வளையமாக நின்றன. நடுவில் முட்டை வடிவத்தில் வெறும் நீலம். வலப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் வளையம் கொஞ்சம் வெளியே புடைத்திருந்தது.

மகளின் ஒற்றைப் பின்னல் காற்றில் பறக்கும் இடம் அது.

படம் இன்னும் திரைக்கு வரவில்லை. அதில் யார், எப்படி என்று, இந்தப் பக்கமே வந்ததில்லை என்ற இவனிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"பழையபடி இருக்காக்கா?"

"அச்சு அசலா இருக்கு தம்பி" என்றேன். "உக்காருங்க, டீ போடறேன்."

சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்குள் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினேன்.

ஹாலில் அவன் போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"சார், உங்க வீட்லதான் இருக்கேன். இப்ப அங்க தெரியுதா பாருங்க... டீ போடறாங்க சார்... என்ன மெயில் சார்?"

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. பென் டிரைவ் என் கைக்குள் சுட்டது. அடுப்பை நான் பற்றவைக்கவில்லை.

ஒரு டீ கொதிக்கும் நேரம் எனக்கு இருந்தது.