சட்டை கழற்றும் இடம்

அந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்குள் போக வேண்டும். மகள் பகவதிக்காக நேர்ந்துகொண்டு பூதலிங்கம் குடும்பத்தோடு வந்திருந்தார். மார்பகப் புற்றுநோய் வரக்கூடிய கோளாறு அவள் மரபணுவில் இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருந்தது. பொம்பளை வியாதி பொம்பளை வழியாகத்தான் வரும் என்று வீடே அவள் அம்மாவைக் கரித்துக்கொட்டியது. அதே நோயில் செத்தது பூதலிங்கத்தின் அக்கா என்பது அவருக்குக்கூட உறைக்கவில்லை.

தூணோரம் நின்று சட்டையைக் கழற்றினார். பகவதி அவர் மார்பையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அப்பா, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க."

"உள்ள போயி கும்பிடலாம் மக்களே."

"இங்கயே தூக்குங்க."

தூக்கினார். வலது மார்பு கையோடு மேலே ஏறியது. இடது காம்பு மட்டும், உள்ளேயிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, தொப்புள் மாதிரிக் குழிந்தது. பகவதி அதன்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"வலியே இல்லியே," என்றார் பூதலிங்கம். கைகளை இறக்கத் தோன்றவில்லை.

பூதலிங்கத்தின் மனைவி, பின்னால் நின்ற அவர் தம்பியிடம் திரும்பினாள். "கோலப்பா, நீங்களும் சட்டையக் கழத்துங்க."

வியர்வையில் நனைந்திருந்த கோலப்பன் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

"நீங்க போங்க மைனி. நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்."