உள்ளே போகாத சோக்

பனிக்காலையில் ஏழு உதை உதைத்தும் கிளம்பாத பைக், குளிரில் இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டும் சோக்கை இழுத்துவிட்டதும் ஒரே உதையில் கிளம்பியது. சோக்குக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இஞ்சின் சூடானதும் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். ஓட்டிப் போன அருளப்பன் அவசரத்தில் அதை மறந்துபோனார். சோக் அதை மறதி என்று நினைக்கவில்லை, மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

ஐந்தாவது கிலோமீட்டரில் பிளக் இருமியது. "அண்ணே, வண்டி சூடாயிருச்சு. நீங்க உள்ள போலாம். எனக்கு மூஞ்செல்லாம் கரி."

"நான் போயிட்டா யாரு பாத்துக்கிறது?" என்றது சோக்.

பெட்ரோல் டேங்க் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நாலு நாளைக்கு வர்ற பெட்ரோல் இது. இப்படிக் குடிச்சா ரெண்டு நாள் தாங்காதுண்ணே."

"காலையில பனியில வண்டி முக்கினப்போ நீங்க ரெண்டு பேரும் எங்க போயிருந்தீங்க?"



பாலத்து ஏற்றத்தில் பைக் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. அருளப்பன் இறங்கி உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பெட்ரோலில் ஊறிப்போன பிளக்கில் பொறி வரவில்லை.

சோக் பெருமூச்சு விட்டது.

"நான் கூட இருக்கும்போதே இந்த லட்சணம். நான் மட்டும் உள்ள போயிருந்தா உங்க கதி என்ன ஆயிருக்கும்."